ஒரு கட்டில், இரண்டு கிளிப்

காலை ஐந்து மணி ஐந்து நிமிடம். மாதேஸ்வரி வெளியே வந்து கதவைப் பூட்டுகிறாள். நாதாங்கியைக் கவ்விக்கொண்டிருக்கும் மஞ்சள் துணிக் கிளிப்பைக் கழற்றி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடாவில் மாட்டிக்கொள்கிறாள். அதற்குப் பிறகுதான் செருப்புக்குள் கால் போகும். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாலும் இந்த வரிசை மாறாது. "உட்டுட்டா போயிருவான்? பிடு, வருவோம்" என்பாள். 'பிடு' கன்னடம், விடு என்று பொருள். கன்னட எல்லையை ஒட்டிய எங்கள் ஜூஜுவாடியில் அதை யாரும் கன்னடம் என்று நினைத்துச் சொல்வதில்லை.

அது நான் தண்ணீர் பிடிக்க எழும் நேரம். வீட்டுக்காரர் மாரம்மாவின் காம்பவுண்டில் வரிசையாக ஏழு போர்ஷன்கள். மூன்றாவதில் நான், நான்காவதில் அவள். இருவருக்கும் ஒரே கம்பெனி. மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும் சின்ன போர்டுகளைச் செய்கிறோம். நான் காகிதங்களைக் கட்டி அழும் பிரிவில் ஜெனரல் ஷிஃப்ட். அவள் கடைசி மேஜையில் நின்று, தயாரான போர்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதிப்பவள். ஆறு மணிக்கு ஷிஃப்ட், இரண்டு மணிக்கு முடிய வேண்டும். ஆனால் ஓவர்டைம் என்ற பெயரில் தினமும் ஆறு மணிவரை இழுத்துவிடும்.

கிளிப்பின் கதையைச் சொன்னால்தான் ஆள் புரியும். அவள் கணவர் பூபதி அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு பட்டறையில் நிரந்தர இரவு ஷிஃப்ட். காலை ஏழே முக்காலுக்கு வருவார், மாலை ஆறேகாலுக்குப் போவார். இவள் ஐந்து மணிக்குப் போய் ஏழு மணிக்கு வருவாள். அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு, இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளிலும் ஒருவர் தூங்கும்போது மற்றவர் வாசலில்தான் இருப்பார். அவருக்கு நீலக் கிளிப், இவளுக்கு மஞ்சள். உள்ளே போகிறவர் தன் கிளிப்பைக் கதவில் மாட்ட வேண்டும், வெளியே வருகிறவர் தன்னுடையதைக் கழற்றிக்கொள்ள வேண்டும். மஞ்சள் இருந்தால் பெண்கள் தட்டலாம், பேசலாம், பருப்பு கடன் கேட்கலாம். நீலம் இருந்தால் சிலிண்டர்காரர்கூடத் தட்டக் கூடாது. பூபதி பகலில் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. ஒருமுறை போட்டுவிட்டுத் தூங்கி, அரை நாள் லீவில் வந்த மாதேஸ்வரி ஒன்றரை மணி நேரம் கதவை இடித்த பிறகு வந்த சட்டம் அது.

அறையில் ஒரே ஒரு கட்டில். இரண்டாவது கட்டிலைப் போட்டால் அடுப்பை வெளியே வைக்க வேண்டும். "கட்டிலு ஆறடிங்க்கா. ஏன்னா அவரு ஆறடி. நான் அஞ்சடிக்கு ரெண்டு எஞ்சு கம்மி. பெரிய ஆளுக்கு அளவெடுத்தா சின்ன ஆளு தானா அதுல அடங்கிரும்" என்று ஒருநாள் சொன்னாள். அவர் படுத்து எழுந்தால் தலையணையில் அவள் தலை பதிந்த பள்ளம் போய்விடும். அவள் படுத்தால் அவருடையது போய்விடும். இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலையில் திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் வலது பக்கத்து ஜன்னல் சீட்டுக்காக அடித்துப் பிடித்து ஏறுவாள். ஆறரை மணி வாக்கில் பூபதியின் பஸ் எதிரே வரும். "ஒரு செகண்டு தெரியும்க்கா. தல மட்டும். செல நாளு தூங்கினு போவாரு, அப்பக்கூட தெரியும்." திருமணமாகி மூன்றரை ஆண்டு ஆகிறது. மாமியார் அருப்புக்கோட்டையிலிருந்து போன் செய்து விசேஷம் உண்டா என்று கேட்டால், "என்னக் கேக்காதீங்க அத்தே, ஷிஃப்ட்டக் கேளுங்க" என்று பதில் வரும். மாமியாரும் சளைத்தவர் அல்ல. "அந்த ஷிஃப்ட்டு போன் நம்பரக் குடு தாயி, நானே பேசுறேன்" என்றாராம்.

மாதேஸ்வரிக்கு ராயக்கோட்டைக்கு அருகே ஒரு சிற்றூர். கிருஷ்ணகிரியில் டிப்ளமா படித்தவள். நானும் வேறு ஊரில் அதே டிப்ளமாதான். எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் சி என்ற கம்ப்யூட்டர் மொழிப் பரீட்சையில் ஒரு கேள்வியைப் பார்த்திருப்போம்: ஸ்ட்ரக்சருக்கும் யூனியனுக்கும் உள்ள வேறுபாடுகளைத் தருக. ஆறு பாயிண்ட் எழுதினால் முழு மதிப்பெண். ஸ்ட்ரக்சரில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி இடம், யூனியனில் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே இடம் என்று ஆரம்பிக்கும். கைடு புத்தகத்தில் எந்தப் பக்கம், எந்த மூலை என்பதுவரை இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த ஒரே இடத்தில் எப்படிப் பலர் இருப்பார்கள், எதற்காக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை, எனக்குப் பாடம் எடுத்தவர் சொல்லவுமில்லை. முழு மதிப்பெண் வாங்கினேன். அதை நினைத்தால் இப்போது எரிச்சல் வருகிறது.

அவளும் அப்படித்தான் எழுதித் தேறியிருக்கிறாள். ஆனால் பொங்கலுக்கு முன்பு கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். டெவலப்மென்ட் அறைக்கு ஒரு டெக்னீஷியன் தேவை, உள்ளே வேலை செய்பவர்களே விண்ணப்பிக்கலாம், சி மொழி தெரிந்திருக்க வேண்டும், ஜெனரல் ஷிஃப்ட். அன்று மாலை பழைய நோட்டைத் தேடி எடுத்துவிட்டாள். மூலை உடைந்த போனில் சி புரோகிராம் எழுதிப் பார்க்கிற ஒரு செயலியையும் போட்டுக்கொண்டாள்.

"சம்பளம் ஏறுமா?" என்று கேட்டேன்.

"பெருசா இல்லீங்க்கா. ஓவர்டைம் போறதுனால கொறஞ்சாலும் கொறையும்."

"அப்புறம் என்னத்துக்கு?"

விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். "ஜெனரல் பஸ்ஸு எட்டு இருவதுக்கு. அவரு ஏழே முக்காலுக்கு வராரு. முப்பத்தஞ்சு நிமிசம். தெனமும் ஒரு டீயாவது ரெண்டு பேரும் ஒண்ணா குடிக்கலாமில்ல?"

முப்பத்தைந்து நிமிடத்துக்காக ஒருத்தி சி மொழி படிப்பதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

படிக்கும்போது அவளிடம் ஒரு பழக்கம். நோட்டில் ஒரு சொல் புரியாவிட்டால், அதற்கு நம் காம்பவுண்டில் யாராவது பொருந்துகிறார்களா என்று பார்ப்பாள். திரும்பத் திரும்ப வருகிற லூப்புக்கு வாடகைத் தேதியில் மாரம்மா. ஒன்றைக் கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டுகிற பாயிண்டருக்கு எங்கள் கம்பெனி எச்.ஆர். யூனியனுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. "ஒரே எடத்துல ரெண்டு பேரு, ஆனா ஒரு நேரத்துல ஒருத்தருதான். இது என்னா கணக்கோ, பிடு" என்று அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டாள். விடை நாதாங்கியில் கண் முன்னே தொங்கிக்கொண்டிருந்தது, எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

தை மாதத்து ஒரு குளிர் நாளில் அந்தத் தவறு நடந்தது. ஹாரன் சத்தத்தில் அவளே அன்று பதறி ஓடிவிட்டாள். மஞ்சள் கிளிப் கதவிலேயே நின்றுவிட்டது. பூபதி வந்தார். ஏதோ ஒரு கிளிப் தொங்குகிறது என்ற அளவில் பார்த்துவிட்டு, தன்னுடையதை மாட்டாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ஒன்பது மணிக்கு மாரம்மா வாசல் கூட்ட வந்தார். பூட்டு இல்லை, மஞ்சள் இருக்கிறது. அப்படியென்றால் மாதேஸ்வரி வேலைக்குப் போகவில்லை. குளிர் ஜுரமாக இருக்கும். மிளகுக் கஷாயம் வைத்து எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போய், "ஏளே, ஹொத்தாய்து, குடி" என்று, எழுந்திருடி, நேரமாச்சு என்பதைக் கன்னடத்தில் அதட்டி, போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

அடுத்து எழுந்த இரண்டு அலறல்களில் எது மாரம்மாவுடையது, எது பூபதியுடையது என்று காம்பவுண்டில் இன்றுவரை முடிவாகவில்லை. லீவில் இருந்த நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கஷாயம் தரையில் கிடந்தது. பூபதி போர்வையைத் தோள்வரை சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றார். "நான் என்னத்தப் பண்ண? எம்பாட்டுக்குத் தூங்கிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார் பாவமாக. மாரம்மா இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

அன்று மாலை மாதேஸ்வரியிடம் இதைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள் திடீரென்று நின்று, "அவரு சரியாத்தாங்க்கா இருந்திருக்காரு. கிளிப்புதான் தப்பு" என்றாள். உள்ளே போய் மடித்து வைத்த பக்கத்தைப் பிரித்தாள். அரை மணி நேரம் கழித்து வந்து, "அக்கா, யூனியன்னா எங்க கட்டிலு" என்றாள்.

எனக்கு அவள் விளக்கியதை அப்படியே தருகிறேன். சிப்பில் இடம் குறைவு, நம் போர்ஷன் மாதிரி. அதனால் ஒரே இடத்தை இரண்டு மூன்று விதமான எண்களுக்குப் பொதுவாகக் கொடுக்கிறார்கள். முழு எண் வந்தாலும் அங்கேதான், புள்ளி வைத்த எண் வந்தாலும் அங்கேதான். இருப்பதில் பெரியது எதுவோ, அந்த அளவுக்கு இடம். ஒருவர் வந்தால் முன்பு இருந்தவரின் அடையாளம் அழிந்துவிடும். ஆனால் உள்ளே இப்போது இருப்பது யார் என்று அந்த இடத்துக்கே தெரியாது. "கட்டிலுக்கு என்னா தெரியும்? நாமதான் வெளிய கிளிப்பு மாட்டணும். மாட்டலன்னா, பூபதியப் போயி ஏளேன்னு எழுப்பற கததான்." ஆறு பாயிண்டை விட இது எனக்கு நன்றாகவே விளங்கியது.

விண்ணப்பம் போட்டாள். செய்முறைத் தேர்வுக்கு நாளும் குறித்தார்கள். அதற்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு காலை அவள் மேஜையில் போர்டுகள் வரிசையாக ஃபெயில் ஆக ஆரம்பித்தன.

சோதனை எளிமையானது. போர்டில் இருபத்தைந்து டிகிரியைக் காட்டுகிற ஒரு மாதிரிச் சென்சாரை மாட்டுவார்கள். பெஞ்ச் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சோதனை மேஜையின் திரையில் இருபத்தைந்து என்றோ, ஒரு டிகிரி குறைவாகவோ வர வேண்டும். அன்று வந்தது 1103626240. அதாவது நூற்றுப்பத்து கோடி டிகிரிக்கு மேல். ஒன்பது மணிக்குள் நூற்று நாற்பது போர்டுகள் சிவப்புத் தொட்டியில் விழுந்துவிட்டன. லைன் நின்றது.

லைன் லீடர் திம்மப்பன் கெட்டவர் அல்ல. லைன் நின்றால் மட்டும் அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறும். "சென்சார் ஒயர இழுத்துட்டியாம்மா? நேத்து நல்லாத்தான இருந்திச்சு?" என்றார். இழுக்கவில்லை என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. பெங்களூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டி வருகிற இன்ஜினியர் ஆனந்தராஜ் பத்து மணிக்கு வந்து பார்த்தார். போர்டுகள் போயிருக்கும், எல்லாவற்றிலும் சென்சார் பகுதியைப் பிரித்து மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். திம்மப்பன் வார்னிங் சீட்டை எடுத்து எழுதினார்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. மூன்று மணிக்குள் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் ஓர் ஆண்டுக்கு எந்த உள்தேர்வுக்கும் போக முடியாது. இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

மதியம் கேன்டீனில் அவளைப் பார்த்தேன். தட்டில் சோறு அப்படியே இருந்தது. இடது உள்ளங்கை நிறைய பேனாவால் எண்கள். வேலை செய்யும் இடத்துக்குப் போன் எடுத்துப் போகக் கூடாது. அதனால் கையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அக்கா, ஒயரு அறுந்திருந்தா தினுசு தினுசா வரணும். இது ரெண்டே நம்பருதான் மாத்தி மாத்தி வருது. பாருங்க, நூத்தி நாப்பது போர்டுக்கும் ரெண்டே நம்பரு." வலது கை கழுத்து நாடாவில் இருந்த மஞ்சள் கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "உள்ள இருக்கறவங்க சரியாத்தான் இருக்காங்க. நாமதான் வேற பேரு சொல்லிக் கூப்புடறோம்."

லாக்கரிலிருந்து எடுத்து வந்த போனில் எட்டு வரி தட்டினாள். ஒரு யூனியன். அதில் புள்ளி எண்ணுக்கு ஒரு பெயர், முழு எண்ணுக்கு ஒரு பெயர். புள்ளி எண்ணின் பெயரில் 25.0 என்று உள்ளே போட்டாள். முழு எண்ணின் பெயரைச் சொல்லி வெளியே எடுத்தாள். உடைந்த மூலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது: 1103626240. உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தோம். பிறகு 24.5 போட்டாள். 1103364096. அதுவும் உள்ளங்கையில் இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். வெட்டட்டும்; உண்மை அதுதான்.

அவள் எழுந்து, நாலு மேஜை தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆனந்தராஜ் முன்னால் போய் நின்றாள். பின்னாலேயே நானும் போனேன். திம்மப்பனும் அதே மேஜையில்தான் இருந்தார்.

"சார், போர்டு அனுப்பற அந்த நாலு பைட்டு எடத்துல இப்ப உள்ள யாரு?"

ஆனந்தராஜ் தயிர்சாதத்துடன் நிமிர்ந்தார். "யாருன்னா?"

"முன்ன அதுல டெம்பரேச்சரு முழு எண்ணாத்தான் வரும். இன்னிக்கு அதே எடத்துல புள்ளி எண்ணா வருது. வரப்ப முன்னாடி ஒரு பைட்டு வருமில்ல சார், யாரு வராங்கன்னு சொல்றதுக்கு? அத எங்க பெஞ்சு பாக்குதா?" போனை நீட்டினாள்.

அவர் திரையைப் பார்த்தார். அவள் உள்ளங்கையைப் பார்த்தார். சாப்பிட்ட கையோடு இடது கையால் லேப்டாப்பைத் திறந்தார். ஐந்து நிமிடம் வரி வரியாகத் தேடினார். முந்தைய நாள் போர்டின் புரோகிராமைப் பெங்களூரில் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் பெஞ்சின் புரோகிராமை மாற்ற மறந்துவிட்டார்கள். யார் வருகிறார்கள் என்று சொல்லும் பைட் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. பெஞ்ச் அதைப் பார்க்கவே இல்லை.

"போர்டு எல்லாம் நல்லா இருக்கு. எதையும் பிரிக்க வேண்டாம்" என்றார் ஆனந்தராஜ். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான்தான் காலையிலயே பார்த்திருக்கணும்" என்றார். இன்ஜினியர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

திம்மப்பன் சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து நாலாகக் கிழித்துச் சாம்பார்த் தட்டில் போட்டார். "மொதல்ல சாப்புடும்மா. மூஞ்சி வாடிக் கெடக்குது" என்றார். அவள் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். உள்ளங்கையைக் கழுவும்போது எண்கள் உடனே போகவில்லை. ஒரு வாரம் லேசாகத் தெரிந்துகொண்டே இருந்தன.

செய்முறைத் தேர்வில் நடந்ததை ஆனந்தராஜே கேன்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குறும்புக்காக அந்தப் பழைய கேள்வியைக் கேட்டிருக்கிறார்: ஸ்ட்ரக்சருக்கும் யூனியனுக்கும் என்ன வேறுபாடு? அவள் கைகட்டி நின்று ஆறு பாயிண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "இது போதுங்களா சார், இல்ல நெசத்தச் சொல்லட்டுங்களா?" என்றாளாம். நிஜத்தையும் கேட்டிருக்கிறார்கள். கட்டில், கிளிப், மாரம்மாவின் கஷாயம் எல்லாம் அந்த அறையில் வெளிவந்திருக்கின்றன. யூனியன் என்றால் ஒரு கட்டில், ஸ்ட்ரக்சர் என்றால் ரெண்டு கட்டில் என்று முடித்தாளாம். கேட்க வந்த மூவரில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார் என்று கேள்வி.

ஆணை வந்த அன்று இரவு பூபதி பட்டறையில் இருந்தார். போன் எடுக்க முடியாது. ஒரு தாளில் 'கெடச்சிருச்சு' என்று எழுதி, தலையணைமேல் நீலக் கிளிப்பால் குத்தி வைக்கலாம் என்று பார்த்திருக்கிறாள். நீலக் கிளிப் அவர் பையில். அதனால் மறுநாள் விடிகாலையில் தலையணைமேல் வெறும் தாளை வைத்து, அது பறக்காமல் இருக்க டீத்தூள் டப்பாவை மேலே வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். அன்று மாலையில் பஸ் எதிரே வந்தபோது அவர் தூங்கவில்லையாம். ஜன்னலுக்கு வெளியே அந்த டப்பாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனாராம்.

புது வேலையின் முதல் நாள், திங்கட்கிழமை. ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடித்தபோது பக்கத்துக் கதவில் மஞ்சள் அப்படியே தொங்கியது. எனக்கு ஏதோ போலிருந்தது. ஏழே முக்காலுக்குப் பூபதி வந்தார். இரும்புக் கரி படிந்த சட்டை, கையில் பால் பாக்கெட். தன் பையிலிருந்து நீலக் கிளிப்பை எடுத்தவர், மஞ்சளைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்து நின்றார். மூன்றரை ஆண்டில் ஒரு வேலை நாளில்கூட அவர் வரும் நேரத்தில் அந்தக் கதவு பூட்டில்லாமல், மஞ்சளோடு இருந்ததில்லை. கதவு திறந்தது. அவர் உள்ளே போனார்.

மாரம்மா துடைப்பத்துடன் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். அப்போது கதவு நாலு விரற்கடை மறுபடி திறந்தது. வளையல் போட்ட ஒரு கை மட்டும் வெளியே வந்து, நாதாங்கியைத் தடவி, மஞ்சளைக் கொஞ்சம் நகர்த்தி, அதன் பக்கத்திலேயே நீலத்தையும் மாட்டிவிட்டு உள்ளே போனது.